ரிவர்ஸ் எடுக்கப் பயமா? உங்கள் சிக்கல் எது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள்

லைசென்ஸ் கையில் இருக்கிறது, மெயின் ரோட்டில் ஓட்டவும் வருகிறது, ஆனால் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னால் முகம் மாறிவிடுகிறது. புதிதாக ஓட்டுபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். டிரைவிங் ஸ்கூல் வகுப்பில் பெரும்பகுதி நேரம் முன்னால் ஓட்டுவதிலேயே போய்விடுகிறது. பயிற்சிக் காரில் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருப்பதால் வேகத்தை அவரே பார்த்துக்கொள்வார். சொந்த வண்டியில் தனியாக உட்கார்ந்து, அபார்ட்மென்ட் தூண்களுக்கு நடுவே பின்னால் எடுக்கும் முதல் நாளில்தான் அந்தக் கால் இல்லாதது தெரிகிறது.

"எனக்கு ரிவர்ஸ் பயம்" என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எந்த இடத்தில் பயம் வருகிறது என்று கேட்டால் ஒருவர் கிளட்ச்சை விடும்போது என்பார், இன்னொருவர் ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது என்பார், மூன்றாமவர் சென்சார் கத்தும்போது என்பார். இப்படிப் பிரித்துவிட்டால் பெரும்பாலான பயத்துக்குப் பின்னால் காலிலோ கையிலோ கண்ணாடியிலோ ஒரு காரணம் கிடைத்துவிடும். அதைத் திருத்தலாம். கீழே உங்களுடையது எதுவோ அதைப் பாருங்கள். வேகம் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

பழக ஒரு திறந்த இடம் வேண்டும். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்து வாசல் அருமையான இடம். ஆடி மாதம் முழுக்கப் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கூடவே இருபது லிட்டர் காலி வாட்டர் கேன் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் தெரியும் உயரம் இருக்கிறது, இடித்தாலும் பம்பருக்கு ஒன்றும் ஆகாது. காற்றுக்கு உருளாமல் இருக்க அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும்.

ரிவர்ஸ் கியர் விழவில்லை, அல்லது "கர்ர்" என்று கடிக்கிறது

வண்டி முழுதாக நின்றிருக்க வேண்டும். முன்னால் போகும் கியர்களில் பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் ஒரு அமைப்பு உண்டு. ரிவர்ஸில் பெரும்பாலான மேனுவல் வண்டிகளில் அது கிடையாது. அதனால்தான் வண்டி துளி நகர்ந்துகொண்டிருந்தாலும் கடிக்கிறது. பிரேக்கில் நில்லுங்கள், கிளட்ச்சை அடிவரை மிதியுங்கள், ஒரு நொடி விட்டு கியரைப் போடுங்கள். அப்போதும் விழவில்லை என்றால் நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சை முழுதாக விட்டு, மறுபடி மிதித்துப் போடுங்கள். பலம் கொடுத்துத் தள்ள வேண்டாம்.

கியர் இருக்கும் இடமும் வண்டிக்கு வண்டி மாறும். மாருதியின் ஐந்து கியர் வண்டிகளில் அது வலது கீழ் மூலை. பல ஹூண்டாய் கார்களில் கியர் தடியின் கழுத்தில் உள்ள வளையத்தைத் தூக்கி, இடது மேல் மூலைக்குத் தள்ள வேண்டும். ரிவர்ஸில் போகும்போது கேட்கும் ஊளைச் சத்தம் அந்தக் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதால் வருவது. பழுது என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

வண்டி பாய்கிறது, இல்லாவிட்டால் ஆஃப் ஆகிவிடுகிறது

மற்ற எல்லாப் பயத்துக்கும் தாய் இதுதான். வண்டி எந்த நொடியிலும் பாயலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை கண் கண்ணாடியில் நிற்காது, கை ஸ்டீரிங்கில் நிற்காது.

சமதரையில் ரிவர்ஸ் எடுக்க ஆக்சிலரேட்டரே தேவையில்லை. எஞ்சின் சும்மா ஓடும் வேகத்திலேயே, கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் வண்டி நகரும். டீசல் வண்டி இன்னும் சுலபமாக நகரும். வலது கால் பிரேக்கின் மேல், இடது கால் கிளட்ச்சில். இந்த இரண்டு கால்களையும் அங்கேயே வைத்துக்கொண்டு, மண்டபத்து வாசலில் ஸ்டீரிங்கைத் தொட்டும் தொடாமலும், நேராக முன்னும் பின்னும் வண்டியை நகர்த்துங்கள். கிளட்ச்சை மெல்லத் தூக்கும்போது ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், பானட் லேசாக அதிரும். அந்த இடத்தில் காலை நிறுத்துங்கள். வண்டி ஊர ஆரம்பிக்கும். ஒரு துளி அழுத்தினால் வேகம் குறையும், முழுதாக அழுத்தினால் சக்தி அறுந்துவிடும். ஓர் அடி நகர்த்தி நிறுத்துவது, அரை அடி நகர்த்தி நிறுத்துவது, நான்கு விரல்கடை நகர்த்தி நிறுத்துவது என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். நான்கு விரல்கடைக்கு வண்டியை நகர்த்தத் தெரிந்தவருக்குப் பாதிப் பயம் அப்போதே போய்விடும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இது வரும்வரை ஸ்டீரிங்கைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

அப்படியும் பாய்கிறதென்றால் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். கிளட்ச்சை அடிவரை மிதித்த நிலையிலும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். சீட் பின்னால் இருந்தால், உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்க்கும் அந்த நொடியில் இடுப்பு நகரும், கூடவே இடது பாதம் மேலே வந்துவிடும். வண்டி தானாகப் பாய்ந்தது போலத் தோன்றும்; உண்மையில் பாதம்தான் வழுக்கியிருக்கும். ஹீல்ஸ், ஈரச் செருப்பு இரண்டையும் தவிருங்கள்.

ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (மேனுவல் கியர்பெட்டியிலேயே கிளட்ச்சும் கியரும் தானாக மாறும் வகை) வண்டிக்காரர்களுக்குக் கிளட்ச் தொல்லை இல்லை, ஆனால் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும் ஆபத்து அதிகம். ரிவர்ஸ் எடுக்கும் நேரம் முழுக்க வலது பாதம் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி ஊரும், அழுத்தினால் நிற்கும். சமதரையில் அவ்வளவே போதும்.

எந்தப் பக்கம் ஒடிப்பது என்று குழம்புகிறது

வண்டியின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் ஒடியுங்கள். பின்பக்கம் இடதுபுறம் போக வேண்டுமா, ஸ்டீரிங்கை இடதுபுறம் திருப்புங்கள். உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாலும் சரி, கண்ணாடியில் பார்த்தாலும் சரி, இது மாறாது.

சக்கரம் இப்போது நேராக இருக்கிறதா என்று தெரியாமல் போவதும் உண்டு. ஸ்டீரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக எத்தனை சுற்று என்று உங்கள் வண்டியில் ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். சின்னக் கார்களில் மூன்று சுற்றையொட்டி இருக்கும். அதில் பாதி திரும்பி வந்தால் சக்கரம் நேர். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, நான்கு விரல்கடை நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கம் போகிறது என்று வண்டியே சொல்லிவிடும்.

இடது பக்கம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை

வலதுபுறம் உட்கார்ந்து ஓட்டுகிற நமக்கு இது இயல்பான குறை. ஒரு வேகன்ஆரின் அகலம் சுமார் 1.62 மீட்டர், ஸ்விஃப்ட் 1.735 மீட்டர். அதில் நம் தோளுக்கு வலதுபுறம் இருப்பது ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். மீதி எல்லாம் இடதுபுறம்.

பழகுவதற்கு வழி இருக்கிறது. வண்டியின் இடப்பக்கம் அரை அடி தள்ளி, முன்சக்கரத்தின் அருகே ஒரு கேன், பின்சக்கரத்தின் அருகே ஒரு கேன் வையுங்கள். ஏறி உட்கார்ந்து, முன்கேன் டேஷ்போர்டின் எந்த இடத்துக்கு நேராக மறைகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை. பின்கேன் இடது கண்ணாடியில் தெரியும். கண்ணாடியை ரிவர்ஸுக்கு முன் கொஞ்சம் கீழே இறக்கினால் பின்சக்கரமும் அது தொடும் தரையும் தெரிய வேண்டும். பின்கதவின் கைப்பிடி கண்ணாடியின் உள்ஓரத்தில் ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும். வண்டியைத் தெருவில் விடுமுன் கண்ணாடியை மறக்காமல் மேலே ஏற்றிவிடுங்கள்.

பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி குவிந்தது. பொருள்கள் சின்னதாக, தள்ளி இருப்பது போலத் தெரியும். கண்ணாடியில் "இன்னும் இடம் இருக்கிறது" என்று தோன்றினால், தோன்றுவதைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குள் போகிறது, ஆனால் கோணலாக நிற்கிறது

மால், ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் எல்லா இடத்திலும் பார்க்கும் நிறுத்தம் இது. இதை மூக்கை உள்ளே விட்டு நிறுத்துவதுதான் சுலபம் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். உள்ளே போவது மட்டும்தான் சுலபம். வெளியே வரும்போது இருபக்கமும் நிற்கும் வண்டிகள் பார்வையை மறைக்க, ஓட்டத்தில் இருக்கும் பாதைக்குள் பின்னால் வர வேண்டியிருக்கும். திரும்பும் சக்கரம் முன்னால் இருப்பதால், பின்பக்கத்தை முதலில் உள்ளே விட்டால் குறுகிய இடத்திலும் வண்டி வளைந்து கொடுக்கும்.

உங்கள் வலதுபுறம் உள்ள இடத்தில் முதலில் பழகுங்கள், ஜன்னல் வழியே தரைக்கோடு நேராகத் தெரியும். நிற்கும் வண்டிகளிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நேராகப் போங்கள், ஒன்றேகால் மீட்டர் என்றால் இன்னும் நல்லது. நிறுத்தப் போகும் இடத்தைத் தாண்டி, உங்கள் பின்பம்பர் அதன் தூரத்துக் கோட்டையும் ஒரு மீட்டருக்கு மேல் கடந்த பிறகு நில்லுங்கள். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த நிற்கும் இடத்தில்தான். அவசரப்பட்டு முன்னதாகவே நின்றுவிடுகிறார்கள். வலதுபுறம் முழுதாக ஒடித்து ஊரவிடுங்கள். கண் வலது கண்ணாடியில் இருக்கட்டும். உங்கள் பின்கதவுக்கும் பக்கத்து வண்டியின் முன்மூலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அப்போது முக்கியம். அது சுருங்கினால் நிறுத்தி, சக்கரத்தை நேராக்கி முன்னே எடுத்து, மறுபடி வாருங்கள். இருபக்கக் கண்ணாடியிலும் கோடுகள் வண்டிக்கு இணையாகத் தெரிய ஆரம்பித்ததும் சக்கரத்தை நேராக்கி நேரே உள்ளே போங்கள்.

இவ்வளவு செய்தும் கோணலாக நின்றால், பின்னால் போய்க்கொண்டே அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதற்கான நீளம் அந்த இடத்துக்குள் கிடையாது. வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒடித்து முன்னே எடுங்கள். கோட்டுக்கு இணையாக வந்ததும் சக்கரத்தை நேராக்குங்கள். அப்புறம் நேரே பின்னால். கோணலை முன்னே வரும்போது எடுப்பது, பின்னே போகும்போது நேராக மட்டும் போவது. பலருக்கு இதைச் சொன்ன அன்றே வண்டி நேராக நிற்க ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் எடுப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. பல வருடம் டாக்ஸி ஓட்டியவர்களும் நெருக்கமான இடத்தில் அப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், முன்மூலை தூணில் உரசிவிட்டது

பின்னால் போய்க்கொண்டே இடதுபுறம் ஒடித்தால் வண்டியின் மூக்கு வலதுபுறம் அகன்று வீசும். பின்பக்கம் மெல்லத்தான் திரும்பும், முன்மூலைதான் பெரிய வட்டம் போடும். எனவே தூணை ஒட்டி நிற்கும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது முன்பம்பர் தூணைத் தாண்டும்வரை நேராகவே வாருங்கள். அதற்குப் பிறகும் ஒரே மூச்சில் முழுதாக ஒடிக்காமல், முன்மூலையை ஒரு பார்வை பார்த்தபடி ஒடியுங்கள்.

முன்னால் எடுக்கும்போது கதை நேர்மாறு. அப்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கேட்டுக்குள் திரும்பும்போது முன்பக்கம் தப்பித்து, பின்கதவில் நீளக் கீறல் விழுவது இதனால்தான்.

ரோட்டோரம் இரண்டு வண்டிக்கு நடுவே விட முடியவில்லை

உங்கள் வண்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் இருந்தால் முயற்சி செய்யுங்கள். ஸ்விஃப்ட் போன்ற 3.86 மீட்டர் வண்டிக்கு ஆறு மீட்டரையொட்டிய இடம். அதற்குக் குறைவானது ஆரம்பத்தில் வேண்டாம். முன்னால் நிற்கும் வண்டிக்கு இணையாக, அரை மீட்டர் தள்ளி, இரண்டு பின்பம்பர்களும் ஒரே வரிசையில் இருக்குமாறு நில்லுங்கள். இடதுபுறம் முழுதாக ஒடித்து ஊருங்கள். வலது கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் முகம் முழுதாகத் தெரிந்ததும் சக்கரத்தை நேராக்குங்கள். உங்கள் இடது முன்மூலை முன்வண்டியின் பின்பம்பரைத் தாண்டும் நேரம் வலதுபுறம் முழுதாக ஒடித்தால் மூக்கு உள்ளே வந்துவிடும். பின்சக்கரம் நடைமேடைக் கல்லில் முட்டினால் ஒடித்தது தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்து மறுபடி செய்யுங்கள்.

சென்சார் கத்த ஆரம்பித்ததும் கை கால் ஓடவில்லை

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வரும் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம் என்பதால் புதிய வண்டி எல்லாம் கத்தும். முதல் "பீப்" கேட்டதுமே பதறிப் பிரேக்கை மிதிப்பவர்கள் பலர். அந்தச் சத்தம் தூரத்தைத்தான் சொல்கிறது, எவ்வளவு தூரம் என்பது உங்கள் வண்டியில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் ஒரு கேனை வைத்து மெல்லப் பின்னால் போங்கள். விட்டுவிட்டு வரும் சத்தம் ஒரே நீளச் சத்தமாக மாறும் இடத்தில் நிறுத்தி, இறங்கிப் போய், பம்பருக்கும் கேனுக்கும் நடுவே எத்தனை சாண் என்று கையால் அளந்து பாருங்கள். இன்னும் இவ்வளவு இடம் இருந்ததா என்று பெரும்பாலானோர் ஆச்சரியப்படுவார்கள்.

அதே நேரம் அதை முழுதாக நம்பவும் கூடாது. மெல்லிய கம்பி, தாழ்வான கல், லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பலகை எல்லாம் அதற்குத் தப்பிவிடலாம். கேமராவும் மழையில், சேற்றில் மங்கிவிடும்.

பின்னால் யாராவது இருந்துவிட்டால் என்ற பயம்

இந்தப் பயத்தை மட்டும் போக்கிக்கொள்ள வேண்டாம், தயவுசெய்து. வீட்டு வாசலிலும் அபார்ட்மென்ட் கார் நிறுத்தும் இடத்திலும் குழந்தைகள் விளையாடுவார்கள். பின்கண்ணாடியின் கீழ்விளிம்புக்குக் கீழே இருக்கும் ஒரு குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படாது. ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், அடியிலும் குனிந்து பாருங்கள். நாயோ பூனையோ படுத்திருக்கலாம். பாட்டை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, காதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா உள்ள வண்டி என்றாலும் இதை விடாதீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகள் அருகில் இருந்தால், ஒரு பெரியவர் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்ட பிறகே வண்டியை எடுங்கள்.

பின்னால் ஹார்ன், சுற்றிலும் நாலு பேர் "வா வா வா"

இடத்தைத் தாண்டி நிற்குமுன்பே இண்டிகேட்டர் போடுங்கள். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் வெள்ளை விளக்கு எரிவதால் பின்னால் வருபவருக்கு மீதி புரியும். அப்படியும் ஒருவர் ஒட்டி வந்து நின்றுவிட்டால், பிரேக்கில் நின்று கையைக் காட்டி அவரைக் கடக்கவிடுங்கள். நெரிசல் குறைந்த பிறகு நிறுத்துங்கள். சென்னை தி.நகரில் தீபாவளி வாரத்துச் சாயங்காலம் பழகும் இடம் கிடையாது. அதே தெருவில் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

வழி சொல்ல வருபவர்களில் ஒருவரை மட்டும் கேளுங்கள். "அண்ணா, நீங்க மட்டும் சொல்லுங்க" என்றால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். அவர் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. உங்கள் வலது கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நிற்கட்டும். அவர் கண்ணாடியில் தெரியாமல் போனால் உடனே நிறுத்துங்கள். அவர் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார், முன்மூலை உங்கள் பொறுப்பு.

மூச்சு வாங்குகிறது, கை வியர்க்கிறது என்றால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட்பிரேக். ஆட்டோமேட்டிக்கில் பார்க் இருந்தால் அதில் போட்டுவிடுங்கள். ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, மூச்சை மெல்ல நீளமாக வெளியே விடுங்கள். பின்னால் இருப்பவர் அரை நிமிடம் காத்திருப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பேஸ்மென்ட் சரிவில் பின்னால் ஏற்ற வேண்டியிருக்கிறது

இங்கே மட்டும் ஆக்சிலரேட்டர் தேவை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தபடியே கிளட்ச்சை அந்த அதிரும் இடம்வரை தூக்கி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி இழுப்பது தெரிந்த பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். சரிவில் நிறுத்திவிட்டுப் போகும்போது, மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிடுங்கள்.

பக்கத்து சீட்டில் இருப்பவர் கத்துவதால்தான் பயமே

"அய்யோ, பார்த்து, பார்த்து" என்ற குரல் எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை, காலை மட்டும் நடுங்க வைக்கும். கிளம்புமுன்பே பேசிக்கொள்ளுங்கள்: "நிறுத்து" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லலாம், சொன்னால் நான் உடனே நிறுத்துவேன், மற்றதை நின்ற பிறகு பேசலாம். அப்பாவோ கணவரோ அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், பழகும் நாட்களில் அக்காவையோ நண்பரையோ கூட்டிப்போங்கள். கற்றுக்கொள்பவரை அதட்டினால் கற்பது தாமதமாகும், அவ்வளவுதான்.

ஏற்கனவே ஒருமுறை உரசிவிட்டது, அதிலிருந்து வண்டியை எடுக்கவே மனம் வரவில்லை

எங்கே உரசியது என்று பாருங்கள். முன்மூலையா, பின்கதவா, பின்பம்பரா? மூக்கு வீசியதா, பின்சக்கரம் வெட்டியதா, வேகம் கைமீறியதா என்று கீறலே சொல்லிவிடும். மேலே அந்தப் பகுதிக்குப் போய், அதே திருப்பத்தைக் கேன்களை வைத்து மெல்லச் செய்து பாருங்கள். வண்டியை எடுக்காமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் பயம் கூடும், ஆகவே சின்ன தூரமாவது எடுங்கள்.

அடுத்தவர் வண்டியில் உரசியிருந்தால் ஆளைத் தேடிச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் வைப்பரில் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். உங்கள் வண்டியில் மட்டும் கீறலோ சின்னச் சொட்டையோ என்றால், இன்சூரன்ஸுக்குப் போகுமுன் டிங்கரிங், பெயின்ட் கடையில் விலை கேளுங்கள். 1500 சிசி வரையுள்ள தனியார் கார்களுக்கு ஒவ்வொரு கிளைமிலும் குறைந்தது 1,000 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அதோடு, கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளைம் போனஸும் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், பல சின்னக் கீறல்களுக்குக் கைக்காசு கொடுப்பதே லாபம்.